நாலரை இஞ்ச் சுவருக்கு அந்தப் பக்கம்

போர்ஷன் வீடுகளில் இரண்டு குடித்தனங்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டு அலாரத்துக்கு நாம் எழுந்துகொள்வோம். வாடகை வீட்டில் சுவரை இடித்துக் கட்ட முடியாது. ஆனால் இவற்றைச் செய்யலாம்:

1. சத்தம் எந்த வழியாக வருகிறதென்று முதலில் பாருங்கள். காற்று நுழையும் இடுக்கிலெல்லாம் சத்தமும் நுழையும். பொதுச் சுவரில் சுவிட்ச் பாக்ஸோ உள்ளடங்கிய அலமாரியோ இருந்தால் அந்த இடத்தில் சுவர் இன்னும் மெலிசு. பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றிருக்கும். அந்தத் திறப்பை வீட்டுக்காரரிடம் சொல்லி அடைக்காதவரை மற்றதெல்லாம் வீண்செலவு.

2. கதவின் அடியில் ரப்பர் பட்டை. விரிசலுக்கும் பழைய ஆணி ஓட்டைக்கும் வால் புட்டி. சுவிட்ச் பாக்ஸில் மட்டும் நீங்களே கைவைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

3. சத்தத்தைத் தடுப்பது கனம். துணி அடைத்த பீரோ, புத்தக அலமாரி இவற்றைப் பொதுச் சுவரோரம் நகர்த்துங்கள். முட்டை அட்டையும் தெர்மகோலும் ஒட்டினால் சத்தம் வராது என்பது வெறும் பேச்சு. ஃபோம் ஷீட்கூட அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், பக்கத்து வீட்டுக் குரலை நிறுத்தாது. காலி செய்யும்போது பசையோடு பெயின்ட்டும் உரிந்து வரும், அதை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்!

4. தலைமாட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். காசே ஆகாது.

5. நம் வீட்டுச் சத்தமும் அந்தப் பக்கம் போகிறது. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் அதிர்வு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் பரவும். அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டு, சுவரில் இடிக்காமல் தள்ளி வையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். டிவியைப் பொதுச் சுவரில் மாட்ட வேண்டாம்.

6. கோபத்தில் சுவரைத் தட்டாதீர்கள். மறுநாள் பகலில், "அக்கா, பாப்பாவுக்குப் பரீட்சை நடக்குது. பத்து மணிக்கு மேல டிவியைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா? எங்க வீட்டுச் சத்தம் ஏதாவது தொந்தரவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் பட்டையை விட இது சீக்கிரம் வேலை செய்யும்.

7. எதற்கும் மசியாமல் நள்ளிரவிலும் ஸ்பீக்கர் அலறினால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உங்கள் பக்கம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. காவல்துறையை 100 அல்லது 112-இல் அழைக்கலாம். குக்கர் விசிலுக்கும் குழந்தை அழுவதற்கும் கூப்பிட்டுவிடாதீர்கள்.