நாயோடு நடப்போம், பூக்களைப் படிப்போம்

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. பிள்ளைகளையும் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு தோட்ட ரோட்டில் அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள். ரோட்டோரத்தில் உள்ளதெல்லாம் நமக்கு ஒரு கலண்டர்தான்.

ஜனவரி, பெப்ரவரி: நுவரெலியா பக்கம் சில நாட்களில் விடியற்காலை உறைபனி விழும். கொழுந்து கருகிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். வெயில் ஏறியபின் நடக்கப் போகலாம்.

மார்ச், ஏப்ரல்: முள்முருக்கு சிவப்பாகப் பூத்தால் சித்திரை வருடப்பிறப்பு கிட்ட வந்துவிட்டது. இந்த நாட்களில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். பகலுக்கு முன்னமே திரும்பிவிடுங்கள்.

மே முதல் செப்டெம்பர்: தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நனையும். அதே நேரம் பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். நடுவில் நிற்கும் மலை மழையை மறித்துவிடுவதே காரணம். மழைப் பக்கத்தில் நாயின் மூக்கு, விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

வருடக் கடைசி: காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாய்ப் பூக்கும். இது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடி. இதன் தழை நல்ல பசளை. வெட்டி மரக்கறிப் பாத்தியில் புதையுங்கள்.

நெலு: இது குறிஞ்சி இனம். சில வகை 12 வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். ஹோட்டன் சமவெளியில் 2013இல் கூட்டமாய்ப் பூத்தது. அந்த வகைச் செடி பூத்து விதை கொட்டியதும் செத்துவிடும். பூவைப் பறித்தால் விதையும் போச்சு.

கவனம்: ஆற்றோரத்தில் வெள்ளையாக, மணிபோல் கீழே தொங்கும் பெரிய பூவைப் பார்த்திருப்பீர்கள். அந்தி நேரம் நன்றாக மணக்கும். இது ஊமத்தைக்குச் சொந்தம். பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. பிள்ளைகள் குழல்போல் வாயில் வைத்து விளையாட விடாதீர்கள். நாயும் கடிக்கக் கூடாது. தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. தின்றுவிட்டால் வாய் காயும், கண்மணி விரியும், பிதற்றல் வரும். கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல், செடியில் ஒரு துண்டோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

நாய்க்கு வருடந்தோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடவும் மறக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வேலை: கண்ட பூவின் பெயர், நிறம், திகதி, மழையா வெயிலா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் எடுத்து ஒத்துப்பாருங்கள்.