கோதுமையை நிறுத்துமுன் இரத்தம் கொடுங்கள்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டத்து உறவுகள் கூடியிருக்கும் புலனக் குழுக்களில் ஓர் அறிவுரை சுற்றி வருகிறது. வயிறு உப்புகிறதா, அடிக்கடி வயிற்றால் போகிறதா, எப்போதும் அசதியா? குளூட்டனை விட்டுவிடுங்கள், சரியாகிவிடும். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

குளூட்டன் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் அவருடைய எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து தட்டையாகும். இரத்தச் சோகை, எடைக்குறைவு, எலும்புத் தேய்வு, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதனால் வரலாம். குணப்படுத்த மாத்திரை கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்குவதே வைத்தியம்.

நம்பிக்கை: நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும், சோதனை எதற்கு?

உண்மை: முதலில் இரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். அது இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். எதிர்ப்பொருள் கூடியிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்தில் துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

இரத்தச் சோதனை, சதைச் சோதனை இரண்டும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம்தான் உண்மையைக் காட்டும். கோதுமையை நிறுத்திச் சில மாதம் ஆகிவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும், முடிவு சுத்தமாக வரும். பிறகு உண்மை தெரிய வேண்டுமென்றால் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிடச் சொல்கிறது. சுகம் கண்ட வயிற்றுக்கு அது பெரிய கொடுமை. நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை இரத்தம் கொடுத்திருந்தால் இது தேவையே இல்லை.

நிறுத்தியதும் சுகமாகிவிட்டதே, அது ஆதாரம் ஆகாதா? ஆகாது. காலைப் பசியாற ரொட்டி சானாயை விட்டவர், அதோடு எண்ணெயையும் கெட்டிப்பால் தேநீரையும் சேர்த்தே விட்டிருப்பார். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவே நிம்மதி தரும். கோதுமையிலும் வெங்காயம், பூண்டிலும் ஃபிரக்டான் என்று ஒன்று இருக்கிறது. அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே வாயுவாகும். 2018இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், சீலியாக் இல்லாமலே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எதைத் தருகிறோம் என்று சொல்லாமல் குளூட்டனையும் ஃபிரக்டானையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகத் தொல்லை தந்தது ஃபிரக்டான்தான், குளூட்டன் அல்ல. அப்படிப்பட்டவர் கோதுமையை மட்டும் விட்டுவிட்டு, குழம்பில் வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால் உப்புசம் எப்படிப் போகும்?

நம்பிக்கை: இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது.

உண்மை: கோதுமைதான் காரணம் என்று கண்டது ஐரோப்பாவில்தான். நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்க 1950இல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவினார். ஆனால் நோய் அங்கே மட்டும் இல்லை. 2016இல் வெளியான இந்திய ஆய்வு, வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று வட்டாரங்களில் 23,331 பேரைச் சோதித்தது. தெற்குக்கு வேலூர்ப் பகுதி. வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது, தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடம் மட்டும். இதைப் பார்த்து நிம்மதி அடையுமுன் அடுத்த எண்களையும் பாருங்கள். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 விழுக்காடு, தெற்கில் 36.4. ஏறக்குறைய ஒன்றுதான். அன்றாடம் சாப்பிடும் கோதுமையோ வடக்கில் 455 கிராம், தெற்கில் 25.

நம் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெற்கிலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் தாத்தா காலத்துச் சாப்பாடு இன்று இல்லை. காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ கோரேங், இடையில் பிஸ்கட், இனிப்புநீர் உள்ளவருக்கு இரவில் சப்பாத்தி. மலேசியாவில் ஆரோக்கியமான இளையோர் 562 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் 1.25 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள்கள் இருந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரிலும். இரத்தத்தை மட்டும் பார்த்த ஆய்வு அது, ஆகவே அத்தனை பேருக்கும் நோய் என்று சொல்ல முடியாது. வராது என்றும் சொல்ல முடியாது.

மரபணுச் சோதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். கோதுமையை நிறுத்தியவரும் அதைச் செய்துகொள்ளலாம். மரபணு இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. மூன்றில் ஒருவரிடம் அது இருக்கிறதே.

நம்பிக்கை: நாம் சோறு சாப்பிடுகிறவர்கள், குளூட்டனை விடுவது சுலபம்.

உண்மை: பாதிதான் சரி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல் அரிசியில் குளூட்டன் இல்லை. இட்லி, இடியாப்பம், கஞ்சி, மீகூன் எல்லாம் அரிசிதான். குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்து அதிக விலைக்கு விற்கும் ரொட்டியை வாங்கத் தேவையே இல்லை.

சிக்கல் மறைவான இடங்களில் இருக்கிறது. ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கிச்சாப்பில் கோதுமை உண்டு, மைலோவிலும் ஹார்லிக்சிலும் மால்ட் உண்டு. புரட்டாசி விரதத்துக்கு வாங்கும் சைவ ஆட்டிறைச்சி பல நேரம் குளூட்டனையே திரட்டிச் செய்தது. மாமாக் கடையில் தோசை கேட்டால் ரொட்டி சானாய் புரட்டிய அதே கல்லில், அதே கரண்டியால்தான் வரும். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்தாலே குடல் கெடும் என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் அந்த 50 மில்லிகிராம். நோய் உறுதியானவர் இந்தக் கண்டிப்போடு ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். உறுதியாகாதவர் இருக்க மாட்டார். கல்யாண வீட்டில் ஒரு நாள்தானே என்று கை நீளும். சோதனைத் தாள் கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

நம்பிக்கை: நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே இரத்தச் சோதனையில் விடை கிடைக்கும்.

உண்மை: ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்ப்பதாக விற்கப்படும் அந்தச் சோதனைப் பேக்கேஜ்களால் சீலியாக்கைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பொருளை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அவை பெரும்பாலும் காட்டும். காசை வீணாக்க வேண்டாம்.

நம்பிக்கை: விட்டுப் பார்ப்பதில் என்ன நட்டம்?

உண்மை: வேறு நோய் ஒளிந்திருந்தால் நட்டம்தான். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கு மசியாத இரத்தச் சோகை இவற்றைக் கோதுமையின் தலையில் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால், பெருங்குடல் புற்றுநோய் இருந்தாலும் அதுவரை வளர்ந்துகொண்டே இருக்கும். தொல்லை இல்லாத 50 வயதுக்காரருக்கும் மலத்தில் மறைந்த இரத்தத்தைப் பார்க்கும் சோதனை அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் உண்டு.

கிளினிக்குக்குப் போனால் டாக்டரிடம் மூன்று விவரம் சொல்லுங்கள்: எத்தனை காலமாகத் தொல்லை, இப்போதும் கோதுமை சாப்பிடுகிறீர்களா, வீட்டில் யாருக்காவது சீலியாக், தைராய்டு, சிறுவயதிலேயே இன்சுலின் ஊசிக்கு வந்த இனிப்புநீர் உண்டா. தேவையென்றால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். தேதி கிடைக்கத் தாமதமானாலும் அதுவரை வழக்கமான சாப்பாட்டை மாற்றாதீர்கள். உங்களுக்கு நோய் உறுதியானால், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும், தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும், அதே இரத்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.