உள்ளே மினுங்குது, வெளியே எரியலை: பழைய காரின் சிக்னல் லைட்டைச் சரிபார்ப்பது எப்படி?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை நேரம். மாதக் கிளினிக்குக்குப் போன பிள்ளைத்தாய்ச்சி ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஹட்டன் பக்கமிருந்து ஒரு ஹயர் காரில் வந்துகொண்டிருந்தோம். மொறிஸ் மைனர். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. தோட்டப் பாதைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் டிரைவர் தம்பி ஒழுங்காகத்தான் சிக்னல் போட்டார். ஆனால் பின்னால் வந்த லொறி நம்மை முந்திக்கொண்டு வலது பக்கமாகவே வந்துவிட்டது. தம்பி பிரேக்கை அமுக்கியதால் கதவுக் கைப்பிடி பிய்ந்ததோடு போயிற்று. அந்தத் தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

லொறிக்காரர் இறங்கி வந்து சத்தம் போட்டார். "சிக்னலே போடாம திரும்புறீங்களே!" நம் தம்பியோ, "ஐயா, சத்தியமா போட்டேன், உள்ள பச்சை லைட்டு மினுங்கிக்கிட்டேதான் இருந்திச்சு" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. உள்ளே மினுங்கியது, பின்னால் எரியவில்லை. இது எப்படி நடக்கும் என்பதையே இம்முறை பார்க்கப்போகிறோம்.

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் நம் மலைப்பாதைகளுக்குப் பழக்கமான கார். 1990களில் இதன் உதிரிப்பாகங்களை நம் நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டியவர்கள் அநேகர். பெயின்ட் அடித்து, டைனமோவைக் கழற்றி ஒல்டனேட்டர் போட்டு, எல்.ஈ.டி. பல்பும் மாட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சிக்னல் லைட்டுக்கு வில்லங்கமும் அதோடு சேர்ந்து வந்தது.

1961 வரை வந்த மைனர்களில் மினுங்கும் சிக்னல் கிடையாது. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் பிறகுதான் மினுங்கும் லைட் வந்தது. அதை மினுங்க வைப்பது பிளாஷர் என்ற சின்னத் தகர டப்பா. பழைய பிளாஷருக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகி நீளும், ஆறியதும் சுருங்கும். அந்த அசைவினால்தான் லைட் எரிந்து எரிந்து அணைகிறது. முன்னால் 21 வொட், பின்னால் 21 வொட், ஆக 42 வொட். 12 வோல்ட் பெட்டரியில் இது மூன்றரை அம்பியர். அந்த அளவு ஓடினால்தான் பிளாஷர் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு பல்பு போய்விட்டால் மினுங்கும் வேகம் மாறும், உள்ளே இருக்கும் பச்சை லைட்டும் ஒழுங்காக எரியாது. டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எல்.ஈ.டி. பல்பு இரண்டுக்கும் சேர்த்து ஆறு வொட் என்று வைத்துக்கொண்டால் அரை அம்பியர்தான். கம்பி போதிய அளவு சூடாகாது, சிக்னல் ஒழுங்காக மினுங்காது. அதனால் கராஜில் எலக்ட்ரோனிக் பிளாஷர் போடுவார்கள். அநேகமாக அது பல்பு எரிகிறதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. டக் டக் என்று தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். நம் தம்பியை ஏமாற்றியது இதுதான். ஆகவே இந்தப் பிளாஷர் போட்ட காரில் உள்லைட்டை நம்பவே கூடாது. காலையில் சிக்னலைப் போட்டுவிட்டு இறங்கி, காரை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கணும்.

சரி, பின்லைட் ஏன் எரியவில்லை? மறுநாள் கழற்றிப் பார்த்தோம். பல்பு நல்ல பல்பு, வயரிலும் மின்சாரம் வந்தது. கெட்டுப்போயிருந்தது எர்த். லைட்டின் தகரம் பாடியோடு ஒட்டி நிற்பதால்தான் மின்சாரம் திரும்பிப் போகிறது. புதுப் பெயின்ட்டுக்கு மேலேயே ஸ்குரூவை முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் வழியே மின்சாரம் போகாது. அந்த இடத்தைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் பூசி முறுக்கியதும் எரிந்தது. பத்து ரூபாய் செலவில்லை.

எர்த் சந்தேகம் என்றால் ஒரு நீள வயரின் ஒரு முனையை பெட்டரியின் எர்த் பக்கத்திலும், மறு முனையை லைட்டின் தகரத்திலும் பிடியுங்கள். எரிந்தால் குற்றம் எர்த்தில்தான். சிக்னல் போடும்போது அதோடு சேர்ந்து பார்க் லைட்டும் மங்கலாகத் துடித்தால் அதுவும் எர்த் கோளாறே.

நான்கு லைட்டும் எரியவில்லை என்றால் முதலில் பியூஸ். பிரேக் லைட், வைப்பர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் சேர்ந்து நின்றிருந்தால் பியூஸ்தான், ஏனென்றால் எல்லாம் ஒரே பச்சை வயரில் தொங்குகின்றன. அவை வேலை செய்து சிக்னல் மட்டும் இல்லையென்றால் பிளாஷரைப் பாருங்கள். பழையதில் பி, எல், பி என்று ஆங்கிலத்தில் மூன்று முனைகள். முதலாவது மின்சாரம் வரும் முனை, எல் லைட்டுக்குப் போவது, மூன்றாவது உள்லைட்டுக்கு. சாவியைப் போட்டு, சிக்னல் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளி, வரும் முனையையும் எல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். லைட் நிலையாக எரிந்தால் வயரும் சுவிட்சும் நல்லது, பிளாஷரை மாற்றணும். எரியாவிட்டால் சுவிட்சையும் மூட்டுகளையும் பாருங்கள். பச்சையில் சிவப்புக் கோடு இடது, பச்சையில் வெள்ளைக் கோடு வலது. அந்த வயரைப் பாடியில் மட்டும் தொட்டுவிடாதீர்கள், பியூஸ் போய்விடும்.

இன்னொரு விசித்திரக் கோளாறு உண்டு. ஒரு பக்கம் போட்டால் நான்கும் மினுங்கும்! புதுப் பிளாஷரில் அநேகமாக உள்லைட்டுக்கு முனை இருக்காது. சிலர் அந்தச் சின்னப் பல்பை இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே கட்டிவிடுவார்கள். பழைய பல்பாக இருந்தவரை அது ஓடும். எல்.ஈ.டி.க்கு அந்தச் சின்னப் பல்பு வழியே கசியும் மின்சாரமே போதும். உள்லைட்டை இரண்டு டயோட் வைத்துத் தனியாக எர்த்துக்குக் கட்டினால் சரியாகிவிடும்.

ஒல்டனேட்டர் போட்ட காரில் பெட்டரி எந்தப் பக்கம் எர்த் என்பதை முதலில் பாருங்கள். மைனர் வந்தபோது பிளஸ்தான் எர்த். ஒல்டனேட்டருக்கு மைனஸை எர்த் ஆக்குவார்கள். பழைய வழக்கத்தில் பெட்டரியை மாற்றிக் கொடுத்தால் ஒல்டனேட்டரின் டயோட்கள் அந்த நிமிஷமே போய்விடும், எலக்ட்ரோனிக் பிளாஷரும் தப்பாது. எந்த பாஸ் செய்தாலும், "எந்தப் பக்கம் எர்த்?" என்று கேட்டு, பெட்டரி அருகில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

சிலர் பழைய பிளாஷரையே வைத்துக்கொண்டு, பல்போடு 6 ஓம் ரெசிஸ்டர் சேர்ப்பார்கள். அது கை வைக்க முடியாத அளவு சுடும். வயர்க் கட்டிலோ பிளாஸ்டிக்கிலோ படாமல் வெறும் தகரத்தில் முடுக்கணும்.

எல்லாம் முடிந்த பின் பகலில் பார்த்தது போதாது. இருட்டியதும் ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சிக்னலையும் போட்டு, இன்னொருவர் பின்னால் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். நம் தம்பியின் காரை அப்படிப் பார்த்தபோது இடது பின்லைட்டும் மங்கலாகவே இருந்தது. அங்கேயும் பெயின்ட்தான்.