அருவிக் குளியலும் பெங்களூர் எலிகளும்

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பட்டம் கட்டியதிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. பொதுத்தேர்வு, நீட் என்று வந்துவிட்டால் வீட்டுக்கொரு வைத்தியர் முளைத்துவிடுகிறார். அவர்கள் சொல்வதில் சிலவற்றை, பெங்களூர் ஆய்வுக்கூட எலிகளை வைத்து உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: “கவலப்பட்டுக் கவலப்பட்டே அவனுக்கு மூள தேஞ்சு போச்சு.”

பாதி சரி. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, ஆண் எலிகளைத் தினமும் 2 மணி நேரம் அசைய முடியாத பைக்குள் அடக்கி வைத்தது. 10 நாள் இப்படி. அடி உதை கிடையாது. திமிற முடியாது, அவ்வளவுதான். அப்புறம் மூளையைச் சீவி, சாயமேற்றி, நரம்பணுக்களின் கிளைகளை நுண்ணோக்கியில் அளந்தார்கள். 2002-இல் வந்தது முடிவு. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் கிளைகள் குறுகியிருந்தன. பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவில் நேர்மாறு: கிளைகள் நீண்டு, பெருகியிருந்தன. ஆக, மூளை மொத்தமாகத் தேயவில்லை. ஒரு மூலை வாடுகிறது, இன்னொரு மூலை கொழுக்கிறது. கிளை குறுகுவது வேறு, அணு சாவது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: “பாபநாசம் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் அருவியில நின்னா எல்லாம் சரியாயிரும்.”

அகத்தியர் அருவியை நான் குறை சொல்ல மாட்டேன். தலையில் விழும் அந்தத் தண்ணீருக்கு நானும் அடிமை. ஆனால் ‘எல்லாம்’ என்ற சொல்லில்தான் சிக்கல். 2004-இல் அதே குழு, நெருக்கடி முடிந்த எலிகளை 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டுவைத்தது. ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலா தேறவில்லை.

பயத்தை எப்படி அளந்தார்கள்? தரையிலிருந்து உயர்த்திய, கூட்டல் குறி போன்ற ஒரு மேடை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு; மற்ற இரண்டும் திறந்த பலகை. எலிக்கு இயல்பாகவே சுவரோரம் பிடிக்கும். என்றாலும் மனம் தெளிந்த எலி திறந்த பலகையிலும் நடந்து, விளிம்பில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். நெருக்கடியில் இருந்த எலியோ 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் சுவருக்குள்ளேயே பதுங்கியது. நினைவு திரும்பிவிட்டது, பையன் தேறிவிட்டான் என்று நாம் நிம்மதிப்படும்போது பயம் உள்ளே குடியிருக்கலாம். வாரக்கணக்கில் அது நீடித்தால், அருவியோடு நிற்காமல் நம்மூர் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவையும் எட்டிப் பார்ப்பது நல்லது.

சும்மா ஓய்வு மட்டும்தான் வழியா என்றால், அதுவும் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் நெருக்கடிக்கு ஆளான எலிகளை விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த கூண்டில், மற்ற எலிகளோடு பழக விட்டார்கள். கற்கும் திறன் மேம்பட்டது. பரீட்சை நெருங்கியதும் கிரிக்கெட் மட்டையைப் பரண் மேல் போடும் அப்பாக்கள் இதைக் கவனிக்கலாம்.

நம்பிக்கை: “ஒரு நாள் பயந்ததுதானல, தூங்கி எந்திச்சா போயிரும்.”

2005-இல் இதையும் பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு முறை, 2 மணி நேர அடைப்பு. மறுநாள் எலியிடம் மாற்றமில்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால் பதற்றம் கூடியிருக்கிறது. அமிக்டலாவின் நரம்புக் கிளைகளில் முள் போன்ற புதுப் புடைப்புகள் முளைத்திருக்கின்றன.

நம்பிக்கை: “எலிக்கு நடந்தா மனுசனுக்கும் அப்படியேதான்.”

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாராவது இப்படிச் சொல்லக்கூடும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். நெருக்கடியில் எலிக்கு முக்கியமாகச் சுரப்பது கார்டிகோஸ்டிரோன், நமக்கு கார்டிசால். “மனசு சரியில்ல” என்று எலி சொல்லப் போவதில்லை. சர்க்கரைத் தண்ணீரில் அதற்கு நாட்டம் குறைகிறதா என்று பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். இன்னொன்று: இத்தகைய சோதனைகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண் எலிகளில்தான் நடந்தன. நியூயார்க்கில் விக்டோரியா லூயினின் ஆய்வுக்கூடத்தில் 21 நாள் அடைப்புக்குப் பிறகு ஆண் எலிகளுக்கு வழி நினைவு குன்றியது. பெண் எலிகளோ, அதே நெருக்கடிக்குப் பின், நெருக்கடி காணாத பெண் எலிகளைவிட நன்றாகவே வழி கண்டுபிடித்தன.