மு.வ. வேறு, வேலய்யன் வேறா?

மு.வ. என்றாலே நமக்கு ஞாபகம் வருவது திருக்குறள் தெளிவுரைதான். ஸ்கூல் பேச்சுப்போட்டிக்கு நாம எல்லாரும் புரட்டின அந்தக் குட்டிப் புத்தகம். ஆனா அவர் ஒரு நாவலாசிரியர், அதுவும் நம்ம திருப்பத்தூரில் வேலை பார்த்தவர் என்பது நிறைய பேருக்குத் தெரியாது.

முதலில் வாழ்க்கை

மு. வரதராசன் (1912–1974) படிப்பு முடித்ததும் திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் எழுத்தரா சேர்ந்தார். உடம்பு சரியில்லாம போய் அந்த வேலையை விட்டார். பிறகு தமிழை முறையா படித்து, 1935-ல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலிடம். நம்ம ஊர் நகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். 1939-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1948-ல் முனைவர் பட்டம் வாங்கும்போது வயது 36. கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மெதுவா, ஆனா நிற்காம போன பயணம்.

இப்போ கதை

'அகல் விளக்கு' 1958-ல் வந்தது. 1961-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வேலய்யன், சந்திரன் என்று இரண்டு நண்பர்கள். கதை தொடங்கும் இடம் வாலாஜா. நாம சென்னைக்கு ரயிலில் போகும்போது தாண்டிப் போற அதே வாலாஜாதான்! சந்திரன் அழகன், படிப்பில் கெட்டிக்காரன். ஆனா மனசை அடக்கத் தெரியாம, சீக்கிரமே அழிந்துபோகிறான். சாதாரண மாணவனான வேலய்யன் நிதானமா வாழ்ந்து நிலைக்கிறான். கதையைச் சொல்வதும் அவன்தான்.

அப்போ வேலய்யன்தான் மு.வ.வா? அவசரப்பட வேண்டாம். வேலய்யன் சுமாரா படிப்பவன், மு.வ. மாகாணத்தில் முதல் மாணவர். சம்பவங்கள் பொருந்தல. பொருந்துவது மதிப்பீடுதான்: வேகத்தைவிட நிதானம் பெரிது. அதோட இன்னொன்றும் இருக்கு. இந்த நாவல் வந்தபோது அவர் கிட்டத்தட்ட இருபது வருஷமா கல்லூரி ஆசிரியர். எத்தனை மாணவர்களைப் பார்த்திருப்பார்! அதனாலதான் சந்திரனைப் பற்றிய பக்கங்களில், கண்ணெதிரே ஒரு பையன் கெட்டுப்போவதைப் பார்க்கும் வாத்தியாரோட கவலை தெரியுது.

பிம்பம் செய்த வேலை

அந்த வாத்தியார் குரலே அவருக்குப் பலமும் பலவீனமும். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று கடித வடிவில் புத்தகங்கள் எழுதினார். வாசகர்கள் அவரை வீட்டுப் பெரியவரா பார்த்தாங்க. கல்யாணத்தில் அவர் புத்தகங்களைப் பரிசா கொடுத்தாங்க. விமர்சகர்களோ, பாத்திரங்கள் பேசாம பாடம் நடத்துறாங்க என்றார்கள். அதுவும் உண்மைதான், சில பக்கங்கள் நிஜமாவே கிளாஸ் மாதிரி நீளும். ஆனா 'நல்லவர்' என்ற பெயர் கிடைத்துவிட்டால், அவர் கதையை யாரும் கதையா படிப்பதில்லை. நீதியை மட்டும் எடுத்துக்கிட்டு மூடிடறாங்க. சந்திரன் மேல் அவருக்கு இருந்த பரிவு கவனிக்கப்படாமலே போயிடுது.

படிக்கும்போது மூன்று கேள்விகள்

1. ஆசிரியர் வாழ்க்கையோடு பொருந்துவது சம்பவமா, மதிப்பீடா?
2. அவர் யார் இடத்தில் நின்று பார்க்கிறார்?
3. அவரோட பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் கதை நிற்குமா?

பிளேஸ்மென்ட் சீசனில் முதல் ரவுண்டிலேயே வேலை வாங்கியவங்களும், இன்னும் காத்திருக்கிறவங்களும் 'அகல் விளக்கு' ஒரு தடவை படிங்க. உங்களுக்குள்ள வேலய்யன் எவ்வளவு, சந்திரன் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.