முதுமையும் இருதயமும்

வயதானவர்களுக்கு இரத்தக் கொதிப்பு சற்று ஏறியிருப்பது இயற்கையே என்னும் எண்ணம் நம் அங்கத்தினர் பலரிடம் உள்ளது. வயதுடன் நூறைக் கூட்டினால் வருவதே உரிய அளவு எனக் கணக்குச் சொல்வாரும் உளர். ஒரு காலத்தில் மருத்துவர்களும் இவ்வாறே கருதினர். இக்கணக்கு பிழையானது என்பதை ஈண்டு விளக்க விழைகிறோம்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி இளமையில் நெகிழ்ந்து கொடுப்பது. இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுங்கால் அது விரிந்து இடங்கொடுக்கும். பின்னர்த் தானே சுருங்கி அவ்விரத்தத்தை முன்னே செலுத்தும். வயது ஏற ஏற அதன் சுவரிலுள்ள நெகிழ்நார்கள் தேய்ந்து அறுகின்றன. விறைப்பான நார்கள் மிகுகின்றன. சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. வெயிலில் கிடந்து விறைத்த ரப்பர் குழாயைப் பம்புசெட்டில் மாட்டிப் பார்த்தவர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விறைத்த தமனியில் மேல் அழுத்தம் உயர்கிறது. கீழ் அழுத்தமோ தாழ்வதும் உண்டு. ஆதலால் கீழ் எண் சரியாயிருக்கிறது என்று அமைதி கொள்ளலாகாது. எதிர்ப்பை மீறி உழைக்கும் இடது கீழறையின் தசையும் நாளடைவில் தடித்துவிடுகிறது.

அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊரில் 1948-ஆம் ஆண்டு தொடங்கி 5,209 ஆண் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். மேல் அழுத்தம் உயர்ந்தோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக நேர்வது அங்கே புலனாயிற்று. அறுபது வயதை எட்டியவர்களுள் மேல் அழுத்தம் மட்டும் உயர்ந்திருந்த 4,736 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1991-இல் வெளிவந்தது. விலை மலிவான குளோர்தாலிடோன் மாத்திரையில் தொடங்கிச் சிகிச்சை பெற்றவர்களிடையே பக்கவாதம் 100-க்கு 36 வீதம் குறைந்திருந்தது. எண்பதைக் கடந்தோர்க்கும் சிகிச்சையால் நன்மை உண்டென்று 2008-இல் மற்றொரு சோதனை காட்டியது.

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். மாரடைப்பு அவர்களை ஆண்களினும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிந்தி அணுகுகிறது. மாதவிடாய் நின்ற பின்னர் அபாயம் வளர்கிறது. நெஞ்சு வலியோடு, அல்லது வலியே இன்றியும், மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், மிகுந்த அயர்ச்சி ஆகியன தோன்றலாம். இதனை வாயுத் தொல்லையென்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருக்கும் இல்லங்கள் பல. அந்தச் சில மணி நேரமே உயிருக்கு உலையாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மாத்திரை உண்போர் உடல் நலமாயிருக்கிறதென்று தாமாக அதை நிறுத்தலாகாது. முதியோர்க்கு எழுந்தவுடன் அழுத்தம் திடீரெனத் தாழ்வதும் உண்டு. குழித்தறியிலிருந்து எழுகையில் தலை சுற்றுமாயின், நின்ற நிலையிலும் அளந்து பார்க்கும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்க.