பண்டேல் மாதா கோயிலும் கடலோடிகளின் நேர்ச்சையும்



ஹௌராவில் மெயின் லைன் லோக்கல் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பண்டேல் ஜங்ஷன் வந்துவிடும். தூரம் 40 கிலோமீட்டர். ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றிய நாட்களில் அந்த நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். ஆனால் அங்குள்ள புகழ்பெற்ற மாதா கோயிலுக்குள் முதன்முதலாக நான் சென்றது 1989-ல், என் தாயாரின் பிடிவாதத்தால்தான்.

அந்த வருடம் என் மூத்த மகனுக்கு டைபாய்டு காய்ச்சல் கடுமையாக வந்தது. திருவாரூரிலிருந்து எங்களுடன் இருக்க வந்திருந்த அம்மா, பேரன் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வருவதாக வேண்டிக்கொண்டார். நாங்கள் இந்துக்கள், ஆனாலும் எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பையன் தேறிவிட்டான். எனக்கோ லீவு கிடைக்கவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மையார் ஒருவர் பண்டேல் மாதாவைப் பற்றிச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மா கேட்டார்: "ஏண்டா, வேளாங்கண்ணி மாதாவும் இந்த மாதாவும் ஒண்ணுதானா?"

"இல்லம்மா, இது வேற மாதா, வேற கோயில்" என்றேன். படித்தவன் என்ற தோரணையில் சொன்ன பதில் அது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நேர்ச்சை நிறைவேறவில்லையோ என்ற கவலை கடைசிவரை அவருக்கு இருந்தது. ஓய்வு பெற்றபின் இந்தக் கோயில்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் என் பதில் பாதிதான் சரி என்று புரிந்தது. அந்தப் பாடத்தையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இதன் மூலத்தைப் பார்ப்போம். 1497-ல் வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குப் புறப்படுமுன், லிஸ்பன் நகரின் பெலேம் கரையில் இருந்த சிறு மாதா கோயிலில் தம் மாலுமிகளுடன் இரவு முழுவதும் பிரார்த்தனை செய்தார் என்பர். அந்த இடத்தில்தான் மன்னர் மனுவேல் ஜெரோனிமோஸ் என்ற பெரிய மடாலயத்தைக் கட்டத் தொடங்கினார். கப்பல் கயிறுகளையும் முடிச்சுகளையும் அதன் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கட்டடச் செலவின் பெரும்பகுதி கீழ்த்திசை வணிகத்தின்மீது விதித்த வரியிலிருந்து வந்தது. நம் மலபார் மிளகுக்கும் அதில் பங்குண்டு! கடலோடிகளுக்காகப் பிரார்த்திப்பது அங்கிருந்த துறவிகளின் கடமைகளில் ஒன்று.

அந்த மாலுமிகள் வந்த வழியெல்லாம் அதே வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். சென்னை மயிலாப்பூரை அடுத்த லஸ் கோயில் ஓர் உதாரணம். புயலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசியர்களுக்குக் கரையில் ஓர் ஒளி வழிகாட்டியதாம். அவ்விடத்தில் எழுந்தது பிரகாச மாதா கோயில். அங்குள்ள கல் 1516 என்ற ஆண்டைச் சொல்கிறது. வேளாங்கண்ணியிலும் இதே கதைதான். 17-ஆம் நூற்றாண்டில் வங்கக் கடலில் புயலுக்குத் தப்பிய போர்த்துகீசிய வணிகர்கள் செப்டம்பர் 8-ஆம் நாள் கரையேறி, வேண்டிக்கொண்டபடி கோயில் கட்டினார்கள் என்பது மரபு.

அதே கடலின் வடகோடியில் இருக்கிறது நமது பண்டேல். 'பந்தர்', அதாவது துறைமுகம், என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அகஸ்தீனிய சபைத் துறவிகள் இங்கே 1599-ல் கோயில் கட்டினார்கள். 1632-ல் ஷாஜகானின் படை ஹூக்ளியை முற்றுகையிட்டுக் கைப்பற்றியபோது அது அழிந்தது. இப்போதுள்ள கோயில் 1660-ல் எழுந்தது. இங்கும் ஒரு கப்பல் கதை உண்டு. புயலில் சிக்கிய கப்பல் தலைவர், பிழைத்தால் பாய்மரத்தைக் காணிக்கையாகத் தருவதாக நேர்ந்துகொண்டு, அப்படியே கொடுத்தாராம். அந்தப் பாய்மரம் நெடுங்காலம் கோயில் முற்றத்தில் நின்றது. 1988-ல் இக்கோயில் பஸிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

ஒரு பொறியாளன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். இங்கே கேட்பவை எல்லாம் ஒரே தரமான சான்றுகள் அல்ல. மடத்தின் கிழக்கு வாசல் மேலே 1599 என்று பொறித்த பழைய கல் இருக்கிறது. வளைவின் உச்சியில் வைத்து மற்றக் கற்களை இறுக்கும் நடுக்கல் அது. அது கண்ணால் காணும் சான்று. முற்றுகை, வரலாற்று ஏடுகளில் உள்ளது. மத யானை ஒரு பாதிரியாரை மிதிக்காமல் விட்டது, ஆற்றில் மறைந்த மாதா சிலை தானே கரைக்கு வந்தது என்பவை பக்தர்களின் மரபு. மூன்றையும் பிரித்து அறிந்தால் எதற்கும் மரியாதை குறையாது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. தங்கள் பயணம் நலமாக வேண்டும் என்று இங்கே மண்டியிட்டவர்களில் சிலர், வங்கத்து ஏழைகளைப் பிடித்து அடிமைகளாக விற்பதிலும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். முற்றுகைக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் படகுகளில் ஏற்றப்பட்ட தாய்மார்களும் யாரையோ வேண்டியிருப்பார்கள்தானே?

செபமாலை மாதா, பிரகாச மாதா, ஆரோக்கிய மாதா எனப் பெயர்கள் வேறு, கோயில்கள் வேறு. ஆனால் எல்லாம் ஒரே மரியாளுக்கு உரியவை. கரை சேர வேண்டும் என்ற ஒரே வேண்டுதலில் பிறந்தவை. அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் "ஆமாம்மா, ஒண்ணுதான்" என்பதே. அதைச் சொல்ல இன்று அவர் இல்லை.

கொல்கத்தா வாழ் தமிழ் அன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளுடன் பண்டேல் சென்று வாருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றியதும் திரும்பிவிடாமல், கிழக்கு வாசலுக்குச் சென்று அந்த நடுக்கல்லையும் அவர்களுக்குக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் உடன் வந்து ஏதேனும் கேட்டால், சற்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.